கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

ஈரானில் யஸ்த் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் நேராக ஆதஷ்கதேவுக்குத்தான் போனேன். நெருப்பைப் புனிதமாகப் போற்றும் ஈரானின் பழைய மதமான ஜொராஸ்ட்ரியத்தின் நெருப்புக் கோயிலுக்குப் பாரசீகத்தில் அதுதான் பெயர். இடிந்த மண்சுவர், இருண்ட மண்டபம் என்று மனசுக்குள் ஒரு படம் வைத்திருந்தேன். வாசலைத் தாண்டினால் தோட்டம், வட்டமான குளம், அதற்குப் பின்னால் தூண்கள் வைத்த சிறிய கட்டடம். 1934-ல் கட்டியதாம். ஈரானிலிருந்து இந்தியாவுக்குப் போய்க் குடியேறிய அதே மதத்துப் பார்சிகள் உதவியிருக்கிறார்கள். முகப்பில் அந்த மதத்தின் சின்னமான ஃபரவஹர் இறக்கை விரித்திருந்தது. அந்த மூன்று வரிசை இறகுகளுக்கு நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல் என்று விளக்கம் சொல்கிறார்கள்.

இவ்வளவு புதுசா என்று முதலில் சப்பென்று இருந்தது.

உள்ளே போனதும்தான் விஷயம் உறைத்தது. பழசு கட்டடம் இல்லை, நெருப்பு. கி.பி. 470 வாக்கில் மூட்டியது இன்றுவரை அணையவில்லை என்கிறது அவர்கள் மரபு. முதலில் தெற்கு ஈரானில் பார்ஸ் பக்கம், கார்யான் என்ற ஊரில் எரிந்திருக்கிறது. பிறகு அக்தா என்ற ஊரில் சுமார் 700 ஆண்டுகள். 1173-ல் அர்தகானுக்குப் போய், 1473-ல் யஸ்துக்கு வந்திருக்கிறது. இங்கேயும் வெகுகாலம் குருமார் வீட்டில்தான் வைத்துக் காப்பாற்றினார்களாம். ஆட்சி மாறி, மதம் மாறி, அந்த மதத்தவர்களிலேயே ஒரு பகுதியினர் குஜராத்துக்குக் கப்பலேறிய பிறகும், மிஞ்சியவர்கள் இதை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். வழியில் காற்றடித்தால் என்ன செய்தார்கள்? ஒரு மழை வந்தால்? அதையே யோசித்துக்கொண்டு நின்றேன்.

மற்ற மதத்தவர் நெருப்பறைக்குள் போகக்கூடாது. கண்ணாடி வழியாகத்தான் பார்க்கலாம். அதுவும் சரிதான் என்று தோன்றியது. பெரிய வெண்கலக் கலத்தில், சாம்பல் மேட்டின் மேல் நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. நான் நினைத்ததைவிடச் சின்ன நெருப்பு. கண்ணாடியில் என் முகமும் செல்போன் வெளிச்சங்களும் விழுந்து மறைத்தன. இரண்டு கையையும் நெற்றிக்கு அண்டக்கொடுத்துப் பார்த்தேன்.

அப்போது வெள்ளை உடையில் ஒரு பெரியவர் உள்ளே வந்தார். வாயை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார். மூச்சும் எச்சிலும் நெருப்பில் படக்கூடாது. ஒரு கட்டையை எடுத்து, உறங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் வைப்பதுபோல மெதுவாக வைத்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. வந்த வழியே போய்விட்டார்.

கட்டை கொஞ்ச நேரம் புகைந்தது. அப்புறம் ஓரத்தில் பற்றிக்கொண்டது.