நாவல் ஒட்டு பிடித்துவிட்டது, காரணம் பிளேடு

ஆவணியில் கட்டிய நாவல் மர இளந்தண்டு ஒட்டில் (இளங்கன்றின் தண்டைப் பிளந்து நல்ல மரத்தின் குச்சியைச் செருகிக் கட்டுவது) பெரும்பாலானவை துளிர்த்துவிட்டன. மண்கலவை, பை, நிழல்வலை எல்லாம் மாங்கன்று ஒட்டுக்குப் போட்ட அதேதான். மாற்றியது பிளேடை மட்டும்.

மாங்குச்சியில் பால் வடிந்தால் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். நாவல் அப்படியில்லை, அத்தனையும் துவர்ப்பு. கார்பன் எஃகு ஒட்டுக்கத்தியால் சீவினால் கத்தி வாயில் நீலக்கறுப்பாகக் கறை ஏறும். இரும்பும், துவர்ப்பைத் தரும் டேனினும் சேர்ந்தால் அந்தக் காலத்து எழுதுமசிதான். சீவிய முகத்திலும் அது இழுபடுகிறது. ஸ்டெயின்லெஸ் சவர பிளேடில் இந்தத் தொல்லை இல்லை. ஸ்பிரிட் துணியால் அடிக்கடி துடைத்தால் போதும்.

வரிசையும் முக்கியம். முதலில் வேர்ச்செடியை, அதாவது பையில் வேரோடு நிற்கும் கன்றை, பிளந்துவிடுங்கள். பிளவு தானாக மூடிக்கொள்ளும், உள்ளே காற்றுப் படாது. குச்சியை அதற்குப் பிறகுதான் சீவ வேண்டும்: பக்கத்துக்கு ஒரே இழுப்பு, ஆப்பு 3 முதல் 4 செ.மீ. கோணல் என்று திரும்பச் சீவிக்கொண்டிருந்தால் முகம் பழுப்பேறிவிடும். பருமன் ஒத்துவராவிட்டால் ஒரு பக்கப் பட்டையாவது நேருக்கு நேர் நிற்கட்டும். நாடாவை இழுத்துக் கட்டி, மேலே குச்சி ஐஸ் கவர்.

குச்சி வெட்ட ஒரு வாரம், பத்து நாள் முன்பே மரத்தில் இலையைக் கிள்ளிக் காம்பை மட்டும் விட வேண்டும். தொட்டதும் காம்பு உதிர்ந்து, நுனிமொட்டு பருத்திருந்தால் வெட்டலாம். மொட்டு விரிந்துவிட்டதா, விட்டுவிடுங்கள்.

வேர்ச்செடி பென்சில் பருமன். ஒரே கொட்டையில் இரண்டு மூன்று முளை வரும், திடமானதை மட்டும் விடவும். கொட்டையைக் காயவைத்தால் முளைக்காது. பழம் தின்ற கையோடு ஊன்றுவதுதான் சரி.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஆடியில் கட்டவே கூடாது என்பது என் கட்சி. காற்றின் ஆட்டத்தில் இணைப்பு விலகிவிடும்.

நாடாவும் கவரும் சந்தூர் மாங்கன்று நர்சரிகளில் கேட்டுப் பாருங்கள். பெட்டி ஒட்டும் டேப் வேண்டாம், இழுபடாது. ஒட்டுக்கன்று என்று விதைக்கன்றையே தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. தண்டில் இணைப்புத் தழும்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்குங்கள்.

மகாராஷ்டிரத்தின் தாபோலி வேளாண் பல்கலைக்கழகத்தின் கொங்கண் பஹாடோலி என்ற நாவல் ரகக் குச்சிக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் துளிர்த்த ஒட்டுகளின் கவரைக் கழற்ற வேண்டும், வெயில் தாழ்ந்த பிறகு. நாடாவை அவிழ்க்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.