வால்வு பூட்டியது திடீரென்றா, மெதுவாகவா?

டிப்ளோமா இரண்டாம் ஆண்டில் நீரியல் பாடத்தில், ஓடும் நீரை நிறுத்தும்போது குழாயில் விழும் அமுக்க அடி (water hammer) பற்றிய ஒரு கேள்வி என்னை விழுத்தியது. 1800 மீற்றர் உருக்குக் குழாய். தண்ணீர் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. முனையில் உள்ள வால்வு 2 செக்கனில் மூடப்படுகிறது. குழாய் நீரில் அமுக்க அலை போகும் வேகம் செக்கனுக்கு 1200 மீற்றர். அமுக்கம் எவ்வளவு கூடும்?

2 செக்கன் எனக்கு மெதுவாகத்தான் பட்டது. குழாயில் உள்ள நீரை ஒரே கட்டையாக நினைத்து, அடர்த்தியை நீளத்தாலும் வேகத்தாலும் பெருக்கி நேரத்தால் வகுத்தேன். 18 பார் வந்தது. சரியான விடை 24 பார்.

பிழை எங்கே என்று பிறகுதான் விளங்கியது. திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில் பழைய இரும்புக் குழாய். பைப்பைச் சடாரென்று பூட்டினால் சுவருக்குள் டொங் என்று அடிக்கும். “மெல்லமாப் பூட்டு பிள்ளை” என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போடுவா. அதனால் ‘திடீர்’ என்பது கையின் வேகம் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அதைத் தீர்மானிப்பது குழாயின் நீளம்.

வால்வு மூடியதும் அதை ஒட்டிய நீர்தான் முதலில் நிற்கிறது. மற்ற நீருக்கு அந்தச் சேதி அலையாகப் போக வேண்டும். அலை குழாயின் மறுமுனையில் உள்ள தாங்கி வரை போய்த் திரும்பி வந்தால்தான் வால்வில் அமுக்கம் இறங்கத் தொடங்கும். போய்வர 3600 ஐ 1200 ஆல் வகுத்தால் 3 செக்கன். வால்வோ 2 செக்கனிலேயே மூடிவிட்டது. ஆகவே இது திடீர் மூடல்தான்.

எங்கள் வீட்டுக் குழாய் 12 மீற்றர் என்றால் போய்வர 0.02 செக்கன். அவ்வளவு விரைவில் எந்தக் கையும் பூட்டாது. அந்த டொங் முழு அடிகூட இல்லை! மறுபுறம், கந்தளாயிலிருந்து நகருக்கு 40 கிலோமீற்றர் இடைவெட்டில்லாத ஒரே குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்வர 67 செக்கன். ஒரு நிமிடம் சக்கரத்தைச் சுற்றி மூடினாலும் கணக்குக்கு அது திடீர்தான்.

சரி, சூத்திரம் மறந்துபோனால்? நான் மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டேன். ஒரு செக்கனில் 1200 மீற்றர் நீளமான நீர் நிற்கிறது. ஒரு சதுர மீற்றர் வெட்டுமுகத்துக்கு அதன் திணிவு 12 இலட்சம் கிலோகிராம். அது செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தை இழக்கிறது. ஒரு செக்கனில் உந்த மாற்றம் 24 இலட்சம்; அதுவே ஒரு சதுர மீற்றரில் விழும் விசை, அதாவது 24 இலட்சம் பாஸ்கல், 24 பார். ரஷ்ய விஞ்ஞானி ஷுக்கோவ்ஸ்கி 1898 இல் வெளியிட்ட சூத்திரமும் இதைத்தான் சொல்கிறது.

இந்த 24 பார் ஏற்கெனவே குழாயில் உள்ள அமுக்கத்துக்கு மேலதிகம். கூட்ட மறந்தால் புள்ளி போகும். பீவீசீ குழாய் என்று கேட்டால் அலை வேகம் மிகக் குறைவு, அடியும் குறையும்.

விடைத்தாளில் முதல் வரியாக அலை போய்வரும் நேரத்தை எழுதி, மூடும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு வால்வில் அமுக்கம் மாறும் வரைபைக் கீறுங்கள். வால்வு கணப்பொழுதில் மூடியதாக வைத்து, உராய்வையும் விட்டுவிட்டால் 3 செக்கன் மேலே, 3 செக்கன் கீழே. அந்தக் கீழ்ப்பாதியைப் பலர் கீறுவதில்லை. அமுக்கம் மிகவும் இறங்கினால் அங்கே நீராவிக் குமிழ் உண்டாகும். பிரிந்த நீர் திரும்பி வந்து மோதும்போது இன்னொரு அடி விழும்.