திங்கட்கிழமை மழை

மாத மொத்தம் சரியாக இருந்ததால்தான் அந்தத் தவறு எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை.

ஒரு குளத்தின் மறுகாலை, அதாவது மிகுதி நீர் வழிந்தோடும் வாயை, திருத்திக் கட்டும் வேலைக்காக, குமரி மாவட்ட மலையடிவார நிலையம் ஒன்றின் தினசரி மழைப் பதிவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் மழை அளவுகளோடு வைத்துப் பார்த்தால் தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டுமே பொருந்தின. சுற்றுநிலையங்களின் திரண்ட மழைக்கு எதிரே இந்த நிலையத்தின் திரண்ட மழையைக் குறித்த வரைபடத்திலும் கோடு எங்கும் முறியவில்லை. அப்புறம், ஏதோ தோன்றி, தேதிக்குப் பக்கத்தில் கிழமையையும் எழுதிப் பார்த்தேன். அடைமழைக் காலத்தில்கூட ஞாயிறுதோறும் 0.0. திங்கள்தோறும் பெரிய எண்.

நேரில் போனேன். மழைமானி சுத்தமாக இருந்தது. பக்கத்தில் மரநிழல் இல்லை. அளப்பவர் வயதானவர். "ஞாயித்துக்கிழமை வர முடியாது சார். ஆனா ஒரு துளி விடமாட்டேன். திங்கள் காலையில கெடக்குறத மொத்தமா அளந்து எழுதிருவேன்" என்றார். உண்மைதான், துளி எதுவும் தொலையவில்லை. நாள்தான் தொலைந்திருந்தது. காலை 8.30க்கு அளப்பது முந்தைய 24 மணி நேர மழை. அவருடைய திங்கள் எண்ணில் 48 மணி நேரம் இருந்தது.

கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போக நெல் சாகுபடிக்கு எவ்வளவு நீர் கிடைக்கும் என்று மாதக் கணக்குப் போட்டால் இதனால் கெடுதல் இல்லை. மறுகால் அகலத்துக்கோ ஒருநாள் உச்ச மழைதான் அடிப்படை. 60 மி.மீ.யும் 70 மி.மீ.யும் சேர்ந்து 130 ஆகிவிட்டால் பெய்யாத ஒருநாள் மழைக்குக் கட்டுவோம். 2.5 மி.மீ.க்குக் குறையாத மழைநாட்களின் எண்ணிக்கையும் குறைந்துபோகும்.

பக்கத்து நிலையங்களின் விகிதப்படி இரண்டு நாளுக்கும் பிரித்தேன், தனிப் பத்தியில், 'மதிப்பீடு' என்ற குறிப்போடு. மூல எண்ணைத் தொடவில்லை. எல்லா வாரமும் பிரிக்கவும் இல்லை. பாலமோரில் கொட்டும்போது ஆரல்வாய்மொழியில் வெறும் காற்றடிக்கும் மாவட்டம் இது. அண்டை நிலையங்களே ஒன்றோடொன்று ஒத்துவராத வாரங்களை இரண்டு நாள் மொத்தமாகவே விட்டுவிட்டேன்.

அளக்காத நாளில் பூஜ்யம் போட வேண்டாம் என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். அடுத்த மாதப் பதிவேட்டில் ஞாயிற்றுக் கட்டங்களில் சிறு கோடு இருந்தது. திங்களுக்கு எதிரே நடுங்கும் எழுத்தில், 'ரெண்டு நாள் மழை'.