மருந்துச்சீட்டு கேட்காத புட்டிகள்

புது நாட்டில் முதல் குளிர்காலம் பாதி கழிவதற்குள் பலருக்கு மூன்று தொல்லைகள் சேர்ந்தே வரும். காலையில் எழ மனம் வராது, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வரும், சாப்பாடு இறங்காது. சிலருக்குப் பசி மட்டும் நேர்மாறு: இரவானால் வாய் ஓயாது. குடும்ப மருத்துவரிடம் பெயரைப் பதிந்துவிட்டு முறை வரக் காத்திருக்க வேண்டும். ஃபார்மசி அலமாரியோ இன்றைக்கே திறந்திருக்கிறது. ‘மூட்’, ‘ஸ்ட்ரெஸ்’, ‘காம்’ என்று எழுதிய புட்டிகளை யாரும் எதுவும் கேட்காமல் தருகிறார்கள். கேட்காமல் தருவதாலேயே அவை லேசான சமாச்சாரம் என்று தோன்றிவிடுகிறது.

அந்த அலமாரியில் இருப்பவை இரண்டு ரகம். வைட்டமின் டி, பி12, இரும்பு, துத்தநாகம் போன்றவை உடம்பில் குறைந்ததை நிரப்புபவை. குறை இல்லாதவருக்குச் சரியான அளவில் பெரிதாக எதுவும் செய்யாது, அளவு மீறினால் கெடுக்கும். இன்னொரு ரகம் உண்மையிலேயே மூளையிலும் ஈரலிலும் வேலை செய்வது. அதனாலேயே மற்ற மருந்துகளோடு அதிகம் மோதுவதும் அதுதான்.

முதல் ரகத்துக்குப் பணம் செலவழிக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். பி12, ஃபெரிட்டின், தைராய்டைக் காட்டும் டிஎஸ்எச், 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலே இரும்பும் சரி என்று விட்டுவிடக் கூடாது. இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அதற்கு முன்பே இறங்கியிருக்கலாம். தைராய்டு மந்தமானால் சோர்வு, மறதி, மனச்சோர்வு என்று எல்லாமே வரும். அதை எந்த மூலிகையும் சரிசெய்யாது. சைவ உணவுக்காரர்களுக்கும், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினோ வயிற்று அமிலத்துக்கான ஒமெப்ரசோலோ வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். ஒரு எச்சரிக்கை: முடி, நகம் வளர என்று விற்கும் பயோட்டின் மாத்திரை தைராய்டு முடிவையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் முடிவையும் பொய்யாக்கலாம். ரத்தம் எடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு, எடுத்துக்கொண்டிருந்ததையும் சொல்லிவிடுங்கள்.

வைட்டமின் டி விஷயத்தில் நம் தோல் நிறத்துக்கும் பங்கு உண்டு. மெலனின் அதிகமுள்ள தோலுக்கு அதே அளவு வைட்டமினைத் தயாரிக்க அதிக நேர வெயில் வேண்டும். வட அட்சரேகை 50 பாகையை ஒட்டிய இடங்களில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெயில் அடித்தாலும் அதில் தேவையான புற ஊதாக் கதிர் இருக்காது. பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல் இலையுதிர், குளிர் மாதங்களில் எல்லோருக்கும் தினம் 10 மைக்ரோகிராம் என்கிறது; கருந்தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பதை யோசிக்கச் சொல்கிறது. கொழுப்புள்ள உணவோடு விழுங்கினால் நன்றாக ஏறும்.

தவறு நடப்பது அலகில்தான். ஒரு நாட்டு லேபிளில் மைக்ரோகிராம் இருக்கும், இன்னொன்றில் ஐ.யு. (சர்வதேச அலகு) இருக்கும். 1 மைக்ரோகிராம் என்பது 40 ஐ.யு. ஆகவே 10 மைக்ரோகிராமும் 400 ஐ.யு.வும் ஒன்றே. பெரியவர்களுக்கு மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தினம் 4,000 ஐ.யு.தான் மேல்வரம்பு. ஊரிலிருந்து பெட்டியில் வரும் 60,000 ஐ.யு. பொட்டலம் வாரத்துக்கு ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும் என்ற கணக்கில் எழுதப்படுவது. அதைத் தினசரி வைட்டமின் என்று நினைத்துக் குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். அடங்காத தாகம், மலச்சிக்கல், குமட்டல், குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகத்தில் போய் நிற்கும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 18,000 பேருக்கு மேல் சேர்த்து நடந்த பெரிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. 50 வயது தாண்டியவர்களுக்குப் பல ஆண்டுகள் தினம் 2,000 ஐ.யு. கொடுத்தும் மனச்சோர்வு வருவதை அது தடுக்கவில்லை. எலும்புக்கும் தசைக்கும் எடுங்கள். மனசுக்கு என்று அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். குளிர்கால மனச்சோர்வுக்கு வைட்டமினைவிட 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கின் முன் காலையில் அரைமணி நேரம் உட்காருவதற்குத்தான் ஆதாரம் அதிகம். ஆனால் கண்நோய் உள்ளவர்களும் இருதுருவக் கோளாறு உள்ளவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மக்னீசியம் வாங்கினால் லேபிளின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆக்ஸைடு என்றால் குடலில் அதிகம் ஏறாது, பேதியாகப் போகும். கிளைசினேட் வயிற்றுக்கு இதமானது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு எந்த வடிவமும் ஆகாது. இதோடு பி6 கலந்து ‘ஸ்ட்ரெஸ் ஃபார்முலா’ என்று விற்பது வழக்கம், அங்கேதான் சங்கடம். மல்ட்டி வைட்டமின் ஒன்று, பி-காம்ப்ளக்ஸ் ஒன்று, மக்னீசியம் ஒன்று என்று மூன்றிலும் பி6 இருந்தால் கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கான பி6 தினசரி மேல்வரம்பை 12 மில்லிகிராமாகக் குறைத்தது. மாதக்கணக்கில் அதிகமானால் கால் விரல்கள் மரத்துப்போகும், எரியும். பி12 குறைவுக்கும் அதே அறிகுறிதான் என்பதால், இன்னொரு பி-காம்ப்ளக்ஸ் வாங்கி நிலைமையை மோசமாக்கிக்கொள்பவர்கள் உண்டு.

இரண்டாவது ரகத்தில் முதல் பெயர் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை. லேசான, நடுத்தர மனச்சோர்வில் இது பலனளிக்கிறது என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. வழக்கமான அளவு 300 மில்லிகிராம் சாறு, நாளுக்கு மூன்று வேளை. வேலை செய்கிறது என்பதே பிரச்சினைக்கும் வேர். இதிலுள்ள ஹைப்பர்ஃபோரின் ஈரலில் சிஒய்பி3ஏ4 என்ற நொதியைப் பெருக்குகிறது. பல மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றுவது அந்த நொதிதான். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், உறுப்பு மாற்றியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின், எச்ஐவி மருந்துகள் எல்லாம் ரத்தத்தில் அளவு குறைந்துபோகும். மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் கரு தரிக்கலாம். நிறுத்திய மறுநாளே இந்த விளைவு போய்விடாது, இரண்டு வாரம் வரை நீடிக்கும். அயர்லாந்தில் இது மருந்துச்சீட்டுக்கு மட்டுமே கிடைக்கும். பிரிட்டனில் கடை அலமாரியில் இருக்கிறது. ஒரே செடிக்கு ஒரு கடலிடுக்கைத் தாண்டினால் வேறு சட்டம்.

ஆப்பிரிக்கச் செடி ஒன்றின் விதையிலிருந்து எடுக்கும் 5-எச்டிபி உடம்பில் நேராக செரட்டோனினாக, அதாவது மனநிலையில் பங்குள்ள மூளை வேதிப்பொருளாக, மாறும். இதையோ செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டையோ செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் வகை மனச்சோர்வு மருந்தோடு சேர்த்தால் செரட்டோனின் அளவுமீறும். வலிக்குக் கொடுக்கும் ட்ரமடாலும், இருமல் சிரப்பிலுள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் இதே பட்டியலில் வரும். சளி பிடித்த அன்று இது யாருக்கு நினைவிருக்கும்? கை நடுக்கம், வியர்வை, பேதி, படபடப்பு, தசைத் துடிப்பு, காய்ச்சல் என்று சில மணி நேரத்தில் கூடிவந்தால் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

அஸ்வகந்தா நமக்கு அமுக்கராவாகப் பழக்கமானது. பழகிய பெயர் என்பதால் அளவில் கவனம் தவறுகிறது. சூரணம் என்பது கிழங்கின் பொடி; கிராம் கணக்கு. புட்டியில் வருவது செறிவூட்டிய சாறு. 300 மில்லிகிராம் இரண்டு வேளை என்ற கணக்கு. ஒன்றின் அளவை மற்றதற்குப் பொருத்தக் கூடாது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் ஓரளவு உதவுவதாகச் சிறு ஆய்வுகள் காட்டுகின்றன, ஆனால் அவை பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தோடு முடிந்தவை. அரிதாக ஈரல் பாதிப்பு வருகிறது. அரிப்பு, கண் மஞ்சள், சிறுநீர் கருமை தெரிந்தால் அன்றே நிறுத்த வேண்டும். தைராய்டு ஹார்மோனையும் ஏற்றலாம், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. டென்மார்க் 2023இல் இதைத் தடைசெய்தது.

பசியில் இரண்டு எதிர்த் திசைகள். பசி எடுக்கவில்லை என்று ஊரில் கொடுக்கும் டானிக், சிரப் பலவற்றில் இருப்பது சிப்ரோஹெப்டடின். இது வைட்டமின் அல்ல, ஒவ்வாமைக்கான மருந்து. செரட்டோனினைத் தடுப்பதால் பசி வருகிறது, கூடவே தூக்கமும் வருகிறது. அமெரிக்காவில் இதற்கு மருந்துச்சீட்டு வேண்டும். எடை கூட்ட என்று இணையத்தில் விற்ற அப்பெட்டமின் சிரப்பை வாங்க வேண்டாம் என்று அந்நாட்டு மருந்து நிர்வாகம் எச்சரித்தது இதற்காகத்தான். மனச்சோர்வு மருந்து எடுப்பவர் இதைக் குடித்தால் அந்த மருந்தின் வேலையை இது மறுபக்கத்திலிருந்து கெடுக்கும். துத்தநாகம் உண்மையிலேயே குறைந்திருந்தால் சுவையும் பசியும் திரும்பும்; தினம் 40 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்தால் செம்புச்சத்து இறங்கி ரத்தசோகை வரலாம். பசியை அடக்குபவற்றில் குளுக்கோமன்னன் நார் 1 கிராம், உணவுக்கு முன் ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். குடம்புளியிலிருந்து எடுக்கும் கார்சினியா மாத்திரைகளில் ஈரல் கெட்ட சம்பவங்கள் பதிவாகியுள்ளன.

புட்டியில் உள்ள அரசுப் பதிவு எண்கள் ஓரளவு பேசும். கனடாவில் எட்டு இலக்க என்பிஎன், பிரிட்டனில் மூலிகைக்கு டிஎச்ஆர், ஆஸ்திரேலியாவில் ஆஸ்ட் எல் அல்லது ஆஸ்ட் ஆர். டிஎச்ஆர் என்றால் தரமும் பாதுகாப்பும் பார்த்தார்கள், பலனை நிரூபிக்கச் சொல்லவில்லை என்று பொருள். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இவை உணவு வகை. விற்பனைக்கு முன் அனுமதி தேவையில்லை. அங்கே யுஎஸ்பி என்ற தர அமைப்பின் முத்திரை இருந்தால் லேபிளில் சொன்னது உள்ளே இருக்கிறது என்றாவது நம்பலாம்.

ஒரு நேரத்தில் ஒரே புட்டி. தொடங்கிய தேதி, அளவு, தூக்கம், பசி, மனநிலைக்குப் பத்தில் ஒரு எண் என்று தினம் ஒரு வரி எழுதிவையுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் எண் நகரவில்லையென்றால் நிறுத்திவிடலாம். எடை தானாக இறங்கினாலோ, இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ அந்த ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது, அவசர எண்ணை அழையுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது ஊர்ச் சூரண டப்பா உட்பட எல்லாவற்றின் பின்பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்துக் கொண்டுபோங்கள். அமுக்கரா என்றால் அவருக்குப் புரியாது. விதானியா சோம்னிஃபெரா என்று தாவரப் பெயரை எழுதிக் கொடுங்கள். பற்பம், செந்தூரம் சேர்ந்தது என்றால் அதையும் சொல்லுங்கள், ரத்தத்தில் ஈயமும் பாதரசமும் இருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்.