சுவரைப் பிடித்து நடக்கிறவர்கள்

வயதானவர்களிடம் "சமீபத்தில் எங்கேயாவது விழுந்தீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். ஸ்ரீரங்கத்திலும் திருச்சியின் மற்ற பகுதிகளிலும் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிற நான் அந்த "இல்லை"யை முழுசாக நம்புவதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அன்று ராத்திரியே விஷயம் பெங்களூருக்கோ நியூஜெர்சிக்கோ போய்விடும். "தனியா இருந்தது போதும்மா, கிளம்பி வந்துடு" என்பார்கள். காலம் காலமாகப் புழங்கிய வீடு, விடிகாலைக் கோலம், கோயில், வாசலில் வரும் கீரைக்காரம்மா எல்லாம் ஒரே போன் பேச்சில் போய்விடும். அந்தப் பயத்தில்தான், முழங்கையில் ரத்தம் கட்டிக் கன்றிப்போயிருந்தாலும் "கதவுல இடிச்சுக்கிட்டேன் கண்ணு" என்கிறார்கள்.

அதனால் ஆளைக் கேட்பதற்கு முன் வீட்டைப் பார்ப்பேன். படுக்கையறையிலிருந்து பாத்ரூம் போகும் வழியில், இடுப்புக்குச் சற்று மேலே, சுவரில் எண்ணெய்ப் பிசுக்காக ஒரு கறை நீளமாக ஓடும். தினமும் அதே இடத்தில் உள்ளங்கை பட்டுப் பட்டுப் படிந்தது. அது இருந்தால் கால் ஏற்கெனவே தள்ளாடுகிறது என்று அர்த்தம். பாத்ரூமுக்குள் போனால் துண்டு போடும் கம்பி ஒரு பக்கம் கழன்று ஆடிக்கொண்டிருக்கும். ஈரத் துண்டைத் தாங்கச் சின்ன ஸ்க்ரூவில் மாட்டிய கம்பி அது. கமோடிலிருந்து எழும்போது அதைத்தான் பிடிக்கிறார்கள், உடம்பின் பாரம் முழுக்க அதன்மேல் போகிறது. அங்கே ஆழமாகத் துளை போட்டு ஒரு கனமான ஸ்டீல் கைப்பிடி வைத்தாலே பாதிக் கவலை தீரும்.

விழுவது வயதானால் வரும் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். விபத்துக் காயங்களால் வரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதில் அதிகம் 60 வயதைத் தாண்டியவர்கள்.

பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று சொல்லமாட்டேன். உடனே கேமரா வாங்கி மாட்டிவிடுகிறார்கள். கேமரா விழுந்ததைக் காட்டும், விழாமல் தடுக்காது. அப்புறம், "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், பேசாம உட்காருங்க" என்று எல்லா வேலைக்கும் ஆள் போட்டுவிடுவார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். நடக்காத காலில் தசை கரைகிறது, தசை கரைந்தால் இன்னும் தடுமாற்றம், தடுமாறினால் இன்னும் பயம், பயந்தவர் இன்னும் நடக்கமாட்டார்.

நான் முதலில் செய்வது எளிய சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். அதன்பிறகு பயிற்சி. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொன்றை ஒட்டிவைத்து நிற்பது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய வீட்டுப் பயிற்சியும் இந்த வழிதான். கால் பலம், சமநிலை, நடை, அவ்வளவே. அதைச் செய்த முதியவர்கள் விழுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக ஆய்வுகள் காட்டின. குக்கர் விசில் வரும்வரை மேடையைப் பிடித்து குதிகால் தூக்குங்கள் என்றால் யாரும் மறப்பதில்லை.

எல்லாம் காலில்தான் என்றும் இல்லை. ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், நல்ல திடமான நடை. ஆனால் ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தால் மட்டும் தலை கிறுகிறுத்துச் சாய்வார். படுத்திருக்கும்போது பிரஷர் பார்த்தேன், எழுந்து நின்றதும் மறுபடி பார்த்தேன். மேல் அளவு 20க்கு மேல் இறங்கியது. பிரஷருக்கு ஒரு டாக்டர், புராஸ்டேட்டுக்கு இன்னொரு டாக்டர். இரண்டு மாத்திரையும் பிரஷரைக் குறைப்பவை, இரண்டையும் படுக்கும் முன் போட்டிருக்கிறார். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப்போகச் சொன்னேன். அவர் மாற்றிக் கொடுத்தார், கிறுகிறுப்பு நின்றது. மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது. தூக்க மாத்திரை போடுகிறவர்களும் விழும் ஆபத்தைப் பற்றிக் கட்டாயம் டாக்டரிடம் பேச வேண்டும்.

எண்ணெய்க் குளியலன்று உள்ளங்காலைத் துணியால் அழுந்தத் துடைத்துவிட்டு நடப்பது, தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப்போடுவது, பரணில் ஏறாமல் இருப்பது, கண்புரையைத் தள்ளிப்போடாமல் இருப்பது, இதெல்லாம் பலருக்கும் தெரியும். தெரியாதது, விழுந்தால் எழுவது எப்படி என்பது. அடிபடவில்லை என்று உறுதியானபின் ஒருக்களித்துப் புரண்டு, முட்டிபோட்டு, கனமான நாற்காலிவரை தவழ்ந்துபோய், அதில் கையூன்றி, பலமான காலை முன்னே வைத்து எழ வேண்டும். பாய் விரித்து இதைப் பழக்குகிறேன். முதலில் கூச்சப்படுவார்கள். செய்து முடித்ததும் முகத்தில் தெம்பு தெரியும்.

அடுத்தது தாழ்ப்பாள். உள்ளே தாழ் போட்ட பாத்ரூமுக்குள் விழுந்தால் கதவை உடைத்துத்தான் ஆளை எடுக்க வேண்டும். வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டு கடையில் கிடைக்கிறது. வாசல் சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும். நான் போகிற வீட்டு டீச்சரம்மா ஒருவர் எதிர்வீட்டு மாமியோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். காலை ஆறரைக்கு மேலும் பால் பாக்கெட் வாசல் பையில் கிடந்தால் மாமி வந்து மணி அடிப்பார், திறக்காவிட்டால் சாவி போடுவார். மகனுக்குப் போன் பிறகுதான். இது அவர்களே பேசி வைத்தது. இப்போது எல்லா வீட்டிலும் இதைச் சொல்லிவருகிறேன்.