கேட்காமல் சொன்னது

"நான் வேகவைத்தது கேட்டேனா?" என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிது. மன்னிப்புக் கேட்பதற்கு எங்களிடம் வாசகங்கள் தயாராக இருக்கின்றன. ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போயிருப்பேன். அவரோ உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டதுபோல் இருந்தது. நான், "இல்லை அக்கா, சும்மா சொன்னேன்" என்றேன். வெளிநாடு போகும் பயணிகளுக்குத் தொலைபேசியில் உதவுவது எங்கள் வேலை. அதில் அக்கா கிடையாது, மேடம்தான். சும்மா சொன்னேன் என்பதும் உண்மை இல்லை. சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி, முகவரியை அனுப்புங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

டோக்கியோவில் அப்போது இரவு 1.10. நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம் என்பதால் இங்கே 9.40தான். வண்ணாரப்பேட்டையில் பரோட்டாக் கல்லைச் சுற்றிக் கூட்டம் சேரும் நேரம். அங்கே ஊர் அடங்கிவிட்ட பிறகு பசித்தவர்கள் கூப்பிடும்போது நாங்கள் இங்கே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்போம்.

ராத்திரியில் சுஷி எங்கே கிடைக்கும் என்பது எங்களுக்குப் பழகிய கேள்வி. சோற்றோடு மீனை, பெரும்பாலும் பச்சையாகவே, வைத்துத் தருகிற ஜப்பானியச் சாப்பாடு அது. டோக்கியோ தூங்காத ஊர் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் பதினோரு மணிக்குமேல் திகைத்துப்போகிறார்கள். பேர்பெற்ற கடைகள், பத்துப் பேர் மட்டுமே உட்காரக்கூடிய கவுண்ட்டர்கள், சீக்கிரமே மூடிவிடுகின்றன. கடை 12 மணி வரை என்று போட்டிருந்தால் கடைசி ஆர்டர் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ முன்னதாகவே முடிந்திருக்கும். அதைப் பார்க்காமல் அனுப்பிவைத்தால் திட்டு நமக்குத்தான். நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுபோகும். மறுபடி ஓடத் தொடங்குவது ஐந்து மணிவாக்கில். கடைசி ரயிலை விட்டவர்களுக்காகவே ஷின்ஜுகுவிலும் ரொப்பொங்கியிலும் சில கடைகள் விடிய விடியத் திறந்திருக்கின்றன. டாக்சியில் போகலாம், ஆனால் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை 20 சதவீதம் கூடுதல் கட்டணம். த்சுகிஜிக்குப் போகட்டுமா என்று பலர் கேட்பார்கள். அங்கே இருந்த மீன் மொத்த வியாபாரச் சந்தை 2018 அக்டோபரிலேயே தொயொசுவுக்கு இடம் மாறிவிட்டது; பழைய இடத்தைச் சுற்றியுள்ள சில்லறைக் கடைகள் காலையில் பிழைப்பவை. ஆனால் அங்கேதான் சுஷி சான்மாய் இருக்கிறது. 2001இல் 24 மணி நேரக் கடையாகவே தொடங்கியது, இன்று நகரெங்கும் கிளைகள். "நல்ல கடைதானா?" என்று இழுப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு செய்தி உண்டு. அதன் முதலாளி 2019 புத்தாண்டு ஏலத்தில் 278 கிலோ எடையுள்ள ஒரே ஒரு சூரை மீனை 33 கோடியே 36 லட்சம் யென்னுக்கு எடுத்தார். அதைக் கேட்டதும் இழுப்பு நின்றுவிடும்.

அன்றும் சொன்னேன். தூக்கம் வரவில்லை, ஷின்ஜுகுவில் இருக்கிறேன், இப்போது சுஷி வேண்டும், நடந்து போகிற தூரத்தில் இருந்தால் நல்லது என்றார். கபுகிச்சோ பக்கம் திறந்திருந்த கிளையைச் சொன்னேன். 33 கோடியைச் சொன்னேன். அவர் சிரித்தார். அதற்குப் பிறகுதான், "அங்கே பச்சை மீன்தான் என்றில்லை மேடம். முட்டை வைத்தது உண்டு, வேகவைத்த இறால் உண்டு, அனாகோ என்று கடல் விலாங்கை நன்றாக வேகவைத்துத் தருவார்கள். பொரித்த டோஃபுப் பைக்குள் சோறு அடைத்த இனாரிகூட இருக்கும்" என்றேன்.

இதை ஏன் சொன்னேன் என்பதற்குக் காரணம் என் எதிரே திரையில் இருந்தது. ஒருவர் அழைத்தால் அவர் முன்பு கேட்டவையெல்லாம் வரிசையாக விரியும். பயணத்துக்கு முன்னால் அதே கணக்கிலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது: கர்ப்பிணிப் பயணிக்கு எத்தனையாவது வாரத்திலிருந்து மருத்துவச் சான்று வேண்டும்? எங்கள் ஆள் ஒருவர், பல விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்குமேல் கேட்கும், இந்த நிறுவனத்தின் விதி இது என்று விவரமாகப் பதில் எழுதியிருக்கிறார். கேள்வியில் "பயணி" என்றுதான் இருந்தது. யார் என்று இல்லை. தங்கையாக இருக்கலாம், உடன் வேலை செய்பவராக இருக்கலாம். நான் பார்த்த உடனேயே, தூக்கம் வராமல் நள்ளிரவில் சுஷி கேட்கிற இந்தக் குரலோடு அதைச் சேர்த்துவிட்டேன். இன்றுவரை அவர்தானா என்று எனக்குத் தெரியாது.

அவர்தான் என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, வாயைத் திறக்காமல் முகவரியைக் கொடுப்பது. நிறுவனம் எதிர்பார்ப்பது அதைத்தான், மருத்துவ ஆலோசனை எங்கள் வேலை இல்லை. இன்னொன்று, பழைய பதிவைப் பார்த்தேன், நீங்கள் கர்ப்பமாக இருந்தால் பச்சை மீனைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று நேரே சொல்வது. நேர்மைதான், ஆனால் தன் வயிற்றைப் பற்றி நடுராத்திரியில் முன்பின் தெரியாத ஒருத்தி பேசுவதை யார் பொறுத்துக்கொள்வார்கள்? நான் மூன்றாவதாக, சொன்னதுபோலவும் இருக்க வேண்டும், சொல்லாததுபோலவும் இருக்க வேண்டும் என்று சுற்றிவளைத்தேன். அவர் புத்திசாலி. சுற்றிவளைத்ததாலேயே பிடித்துவிட்டார்.

கேட்காமல் சொல்வது தவறு என்றால் நான் தினமும் அதைத்தான் செய்கிறேன். சைவக்காரர்கள் ஜப்பானுக்குப் போகும்போது, மீன் இல்லாததுதானே என்று இனாரியையும் சூப்பையும் கேட்பார்கள். அதைக் கொதிக்கவைக்கிற தாஷி நீரில் கட்சுவோபுஷி இருக்கும் என்று நான் வலியச் சொல்வேன். அது சூரை இன மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டைபோல் உலர்த்திச் சீவியது. தூத்துக்குடி, உவரிப் பக்கத்து ஆட்களாக இருந்தால் நம் மாசி மாதிரி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். வெள்ளரிக்காய் வைத்த கப்பா மாகி கேளுங்கள் என்பேன். அத்தனை பேரும் நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஒருவர்கூட, நான் கேட்டேனா என்று கேட்டதில்லை. அங்கே நல்லதாக இருந்தது இங்கே எப்படிப் பொல்லாததாகும்?

குவாலிட்டி பிரிவில் அந்த அழைப்பு சிக்கியது. எங்கள் சார் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து இருவருக்குமாக ஒலிப்பதிவை ஓடவிட்டார். அந்த அம்மாவின் பக்கத்தில் லிஃப்ட் நிற்கிற மணிச்சத்தம் கேட்கிறது. ஹோட்டல் வரவேற்பறையில் நின்றபடி பேசியிருக்க வேண்டும். என் பக்கத்தில் விசைப்பலகைச் சத்தம் விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. 33 கோடி, சிரிப்பு. பிறகு விசைப்பலகை நிற்கிறது. ஒரு மூச்சு விடுகிற நேரம் எதுவும் இல்லை. அதற்கப்புறம்தான் "பச்சை மீன்தான் என்றில்லை மேடம்" என்று என் குரல், வழக்கத்தைவிட இனிமையாக. அந்த இனிமையைக் கேட்க எனக்கே கூசியது.

"யோசித்துத்தான் சொல்லியிருக்கிறாய், என்னம்மா?" என்றார் சார்.

"ஆமாம் சார்."

"சொன்ன விஷயத்தில் தப்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் நமக்குத் தெரிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, பார்."

சைவக்காரர் தன்னைச் சைவம் என்று தானே சொல்கிறார். இந்த அம்மா எதையும் சொல்லவில்லை. நான் திரையில் எடுத்தேன். சார் சொன்னதில் எனக்குப் பதில் இல்லாத இடம் இதுதான். ஆனாலும் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, "கேட்காத தகவல்" என்று எழுதினார், பாருங்கள், அதில் எனக்கு இப்போதும் ஆற்றாமைதான். 33 கோடியையும் அந்த அம்மா கேட்கவில்லை. அதற்கு யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை.

பிறகு வீட்டில் உட்கார்ந்து படித்தேன். வேலைக்காக அல்ல, என் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று பார்க்க. அமெரிக்காவில் கர்ப்பிணிகள் பச்சை மீனைத் தவிர்க்க வேண்டும் என்கிறார்கள். படித்ததும் நிம்மதியாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜப்பானியச் சுகாதார அமைச்சகம் கர்ப்பிணிகளுக்குச் சொல்வதையும் தேடினேன். அங்கே முக்கியக் கவலை பாதரசம். பெரிய மீன் சிறிய மீன்களைத் தின்று தின்று உடம்பில் சேர்த்துவைப்பது அது, வேகவைத்தாலும் போகாது. நீலத்துடுப்புச் சூரை, பெருங்கண் சூரை போன்றவற்றை வாரத்துக்கு ஒரு தடவை, 80 கிராம் அளவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒரு சுஷித் துண்டில் மீன் ஏறத்தாழ 15 கிராம், ஆக ஐந்து துண்டு. மஞ்சள் துடுப்புச் சூரைக்கு அந்தக் கட்டுப்பாடுகூட இல்லை. புழுவுக்குப் பயந்தால், மைனஸ் 20 டிகிரியில் ஒரு நாள் முழுக்க உறையவைத்த மீனில் அனிசாகிஸ் என்ற அந்தப் புழு செத்துவிடும். லிஸ்டீரியா என்ற கிருமி மட்டும் உறைபனிக்கு அடங்காது.

ஆக, நான் பயந்தது முழுக்கப் பொய்ப் பயமும் இல்லை, முழுக்க மெய்யும் இல்லை. இதில் வேடிக்கை, 33 கோடிக்கு ஏலம்போனது அந்த நீலத்துடுப்புச் சூரைதான். எதை அளவோடு நிறுத்த வேண்டுமோ அதன் பெருமையை வாய் வலிக்கச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் முட்டை சாப்பிடுங்கள் என்றிருக்கிறேன்.

அன்று அவ்வளவு தெரிந்துதான் பேசினேனா? இல்லை. அப்போது என் தலையில் இருந்தது அமைச்சகமும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. எங்கள் ஆச்சி இருந்தாள். நான் பிள்ளையுண்டாகியிருந்தபோது பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது, எள்ளுருண்டை கூடாது என்று வீட்டில் ஆரம்பித்தது தெரு முழுக்கப் பரவியது. எதிர்வீட்டு அத்தை என் கையில் இருந்த கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் பேசவே ஆரம்பிப்பாள். வயிறு என்னுடையது, தீர்ப்பு ஊருடையது என்று அப்போது எவ்வளவு எரிச்சல்பட்டிருக்கிறேன். அந்த அத்தையும், "இல்லடி, சும்மாதான் பார்த்தேன்" என்றுதான் சொல்வாள்.

இதைவிடக் கசப்பான சந்தேகம் ஒன்று உண்டு. நான் சுஷி சாப்பிட்டதில்லை. சாப்பிட ஆசையும் இல்லை. எங்களுக்குச் சூரை என்றால் புளி கரைத்து, மிளகாய் அரைத்து ஊற்றி, சுண்டச் சுண்ட வேகவைத்து, முதல் நாள் குழம்பை மறுநாள் சாப்பிடுவது. பச்சை மீனைச் சோற்றின்மேல் வைத்து வாயில் போடுவதை நினைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். இத்தனை பேருக்கு இத்தனை கடைகளைச் சொல்லும்போதும் அந்த அருவருப்பை அடக்கிக்கொண்டுதான் சொல்லியிருக்கிறேன். அன்று திரையில் ஒரு காரணம் கிடைத்தது. அக்கறை என்று நான் நினைத்துக்கொண்டது, இத்தனை நாள் அடக்கிவைத்த அருவருப்பு நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்ததுதானோ? இருக்காது என்று ஒரு நாள் தோன்றும். அவர் அதே நேரத்தில் எங்கே மது கிடைக்கும் என்று கேட்டிருந்தாலும் எனக்குக் கை நின்றிருக்கும் என்று சொல்லிக்கொள்வேன். மறுநாள் இந்த வாதம் நிற்காது.

அந்த அம்மாவிடமிருந்து புகார் வரவில்லை. திருப்தி மதிப்பீட்டில் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார், கருத்து எழுதும் கட்டம் காலி. பக்கத்து இருக்கைத் தங்கச்சி, பார்த்தியா அக்கா, நல்லபடியாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்றாள். அழைப்பு முடிந்ததும் ஐந்தைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் பெரும்பாலோர். அன்று அவர் அந்தக் கடைக்குப் போனாரா, போய் எதைச் சாப்பிட்டார், அறைக்கே திரும்பிவிட்டாரா, ஒன்றும் தெரியாது. முகவரிக்கான இணைப்பை அவர் திறந்ததாகப் பதிவு இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் வாசகத்தில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. சாப்பாட்டுக் கடை கேட்கிற எல்லோரிடமும், "உணவில் ஏதாவது தவிர்க்க வேண்டுமா?" என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். சார் கொண்டுவந்தது. சொல்ல விரும்புகிறவர் சொல்லட்டும், விரும்பாதவர் விடட்டும், நாம் திரையைப் பார்த்துக் குறிசொல்ல வேண்டாம் என்கிறார். நல்ல வரி. நானும் தவறாமல் கேட்கிறேன். ஒசாகாவில் நள்ளிரவில் நின்ற ஒரு பையன், "தூக்கத்தைத் தவிர எதையும் தவிர்க்கவில்லை" என்று சிரித்தான்.

அந்த வரி அன்றே இருந்திருந்தால் அவரிடமும் கேட்டிருப்பேன். அவர் "ஒன்றும் இல்லை" என்று சொல்லியிருக்கக்கூடும்; அப்படிச் சொல்லத்தான் அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. அதற்குமேல் வாய் மூடிக்கொண்டு முகவரியை அனுப்ப வேண்டியதுதான் என்கிறார் சார். திரையில் அந்த 28 வாரப் பதிவு திறந்திருக்க, நான் அப்படி அனுப்பியிருப்பேனா என்று அவர் கேட்டார். அனுப்பியிருப்பேன் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. வேறு அழைப்பு வந்தது, எடுக்கப் போய்விட்டேன்.