ஊட்டியில் எதை எப்போது பார்ப்பது: உச்சியில் தொடங்கி ஏரியில் முடியுங்கள்

ஊட்டிக்கு ஒரு நாள் மட்டும் வந்து போகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சுதான். பத்தரை மணிக்கு வந்து சேர்வது, நேராகத் தாவரவியல் பூங்கா, ஒரு மணிக்குச் சேரிங்கிராஸில் சாப்பாடு, மூன்று மணிக்குப் படகு இல்லம், பொழுது மிஞ்சினால் தொட்டபெட்டா சிகரம். ஊரில் கூட்டம் எங்கே எந்நேரம் நெரியும் என்பதை இந்த வரிசையை வைத்தே சொல்லிவிடலாம். மேகத்தைப் பார்த்துப் போடவேண்டிய வரிசைக்கோ இது நேர் எதிர்.

காலை வெயில் பட்டதும் மலைச்சரிவு சூடேறும். சரிவை ஒட்டிய காற்றும் சூடாகி மேலே ஏறத் தொடங்கும். கோவைச் சமவெளியின் ஈரத்தையும் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் ஈரத்தையும் கூடவே இழுத்துவரும். ஏற ஏறக் குளிர்ந்து, மலையின் விளிம்பிலும் உச்சியிலும் அது மேகமாகிறது. ஒன்பது மணிக்குத் தெள்ளத் தெளிவாக இருந்த பள்ளத்தாக்கு பதினொன்றரைக்குக் காணாமல் போவது இதனால்தான். காட்சிமுனையில் நின்று, கொஞ்சம் பொறுத்தால் விலகிவிடும் என்று காத்திருப்பதில் பெரிய பயனில்லை. விலகும், போனை எடுப்பதற்குள் மறுபடி மூடும். ஏப்ரல், மே மாதங்களில் அதே மேகம் மூன்று மணிவாக்கில் இடியோடு கோடை மழையாகவும் இறங்கும்.

ஆகையால் உயரமானதையும் தூரப் பார்வை உள்ளதையும் முதலில் முடித்துவிடுங்கள். மரம், பூ, கட்டடம், ஏரி எல்லாம் பிறகு. இவை மேகத்திலும் தெரியும்.

தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஊட்டி நகரத்தைவிட ஏறக்குறைய 400 மீட்டர் உயரம். கோத்தகிரி சாலையில் பத்து கிலோமீட்டர்தான் என்றாலும், பிரிவுச் சாலை குறுகலானது. மேலே வண்டி நிறுத்த இடம் கொஞ்சம். அது நிறைந்துவிட்டால் வரிசை கீழே பிரிவு வரைக்கும் நீளும். வாசல் திறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். திறக்கும் நேரம் அவ்வப்போது மாறுவதால், தங்கும் விடுதியிலோ ஓட்டுநரிடமோ முந்தின நாள் மாலையே கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் அங்கே நின்று மேற்கே பாருங்கள்: சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் ஊட்டி நகரம் முழுவதும் வெளிச்சத்தில் துலங்கும். கிழக்கே சமவெளிப் பக்கம் கண் கூசும். படம் எடுத்தால் வெளுத்துத்தான் விழும். நகரத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர் கூடுதல், காற்றும் உண்டு. குழந்தைகளுக்குக் காது மூடும் குல்லா தேவை.

குன்னூர்ப் பக்கத்து டால்பின் நோஸ், லேம்ஸ் ராக் காட்சிமுனைகளுக்கும் இதே கணக்குதான், இன்னும் கறாராக. டால்பின் நோஸ் குன்னூரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் ஒடுக்கமான சாலை. எதிரே ஒரு சுற்றுலா வேன் வந்தாலே ஒருவர் பின்வாங்க வேண்டியிருக்கும். பதினொரு மணிக்கு மேல் எதிரெதிராக இருபது வண்டிகள் சிக்கினால் அங்கிருந்து தெரியும் கேத்தரின் அருவியைப் பார்ப்பதற்குள் பொழுது போய்விடும். ஊட்டியில் தங்கிக்கொண்டு தொட்டபெட்டா, டால்பின் நோஸ் இரண்டையும் ஒரே காலையில் அடக்க முயலாதீர்கள். இரண்டாவது இடத்தில் மேகத்தைத்தான் பார்ப்பீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து காரில் ஏறுகிறவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு: ஆறு மணிக்குக் கிளம்பி, குன்னூரில் டிபனை முடித்து, நேராக டால்பின் நோஸுக்குத் திரும்புங்கள். அதைப் பார்த்த பிறகு ஊட்டிக்கு ஏறலாம். தொட்டபெட்டாவை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் பயணமென்றால் விட்டுவிடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும் மேலே சொன்ன உயரக் கணக்கு தலைகீழ். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வேகமாக வானுக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் வழிந்து தேங்கும். அதனால் உறைபனி உச்சியில் அல்ல, தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான புல்வெளிகளில்தான் நன்றாகப் படியும். ஜனவரி நடுவில் சூரியன் உதிக்க ஆறே முக்கால் ஆகும். ஆறு மணிக்கே போய் நில்லுங்கள். வெயில் நேராகப் பட்ட பிறகு அரை மணி, ஒரு மணி நேரத்தில் புல் வெறும் ஈரமாகிவிடும். இரவு பத்து மணிக்கு வானத்தில் நட்சத்திரம் தெரியாவிட்டால் அலாரம் வைக்காமல் தூங்கலாம், மேகம் போர்த்திய இரவில் உறைபனி விழுவது அரிது. காரின் முன்கண்ணாடியில் பனி உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விட்டுவிடும். எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் போதும்.

தாவரவியல் பூங்கா 1848இல் தொடங்கியது, 55 ஏக்கர், தொட்டபெட்டாவின் அடிச்சரிவில் இருக்கிறது. மலை கிழக்கே நிற்பதால், குளிர்காலத்தில் கீழ்ப் புல்வெளிக்கு வெயில் வந்துசேரத் தாமதமாகும். ஏழு மணிக்கே உள்ளே போனால் கூட்டம் இருக்காது, ஆனால் நிழலும் குளிரும் இருக்கும். எட்டரைக்கு மேல்தான் பூவின் நிறம் எழும். பத்தரையிலிருந்து மூன்றரை வரை சமவெளிக் கூட்டம். காலையைத் தொட்டபெட்டாவுக்குக் கொடுத்துவிட்டால், பூங்காவுக்கு மாலை நாலு மணிதான் சரியான நேரம். ஒருநாள் பயணிகள் ஊர் திரும்ப வண்டியைத் தேடிக்கொண்டிருப்பார்கள், மேற்குவெயில் சரிவு முழுவதும் விழும். கல்லாகிப்போன மரத்தண்டு, இத்தாலியப் பூங்கா, கண்ணாடி மாளிகை மூன்றுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் போதும். மே மாத மலர்க் கண்காட்சி நாட்களில் இந்த மாலைக் கணக்கு செல்லாது. அப்போது வாசல் திறந்ததுமே உள்ளே போய் ஒன்பதரைக்குள் வெளியேறிவிட வேண்டும்.

ரோஜாப் பூங்காவுக்கு நேரத்தைவிட மாதம் முக்கியம். ஜனவரியில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வார்கள், அதன் பிறகு சில வாரங்களுக்கு அங்கே குச்சிகள்தான். ஏப்ரல், மே மாதங்களில் காலையில் போங்கள். மதியம் மழை அடித்தால் இதழ்கள் உதிர்ந்து கிடக்கும்.

நண்பகல் இரண்டு மூன்று மணி நேரத்தைக் கூரைக்குக் கீழே செலவிடலாம். 1829இல் கட்டத் தொடங்கிய புனித ஸ்டீபன் தேவாலயம், மார்க்கெட், வர்க்கி வாங்குவது எல்லாம் இந்நேரத்துக்குப் பொருந்தும். சாப்பாட்டை பன்னிரண்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒரு மணிக்குச் சேரிங்கிராஸில் மேசை கிடைப்பதைவிட வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். தேயிலை ஆலை பார்ப்பதாக இருந்தால் ஒரு நுணுக்கம்: பறித்த கொழுந்தை வாடவைக்கவே 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஞாயிற்றுக்கிழமை பறிப்பு இல்லாத ஆலைகளில் திங்கள் காலை இயந்திரம் ஓடாது. மணமும் சத்தமும் வேண்டுமென்றால் செவ்வாய் முதல் சனி வரை.

படகு இல்லத்தில் வார நாளில் திறந்த முதல் ஒரு மணி நேரம் வரிசை இல்லை. மற்றபடி மாலை நாலரைக்கு மேல் போய்ப் பாருங்கள், கடைசிப் படகுக்குச் சீட்டு எப்போது நிறுத்துவார்கள் என்பதை மட்டும் முன்பே விசாரித்துக்கொண்டு. சனி, ஞாயிறு மூன்று மணிக்கு அங்கே வரிசையில் நிற்பதைவிட ஏரியைச் சுற்றி நடப்பது மேல். படகுதான் வேண்டுமென்றால் கூடலூர்ச் சாலையில் உள்ள பைக்காரா நல்லது, தண்ணீரும் சுத்தம். அங்கே மைசூர்ப் பக்கத்து வண்டிகளைக் கணக்கில் வையுங்கள். அவை வரும் பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும். ஆறு மணிக்குக் காட்டுக்குள் நுழைந்தவர்கள் ஒன்பதரை, பத்து மணிக்குப் பைக்காராவில் இறங்குவார்கள். அதற்கு முன் போய்விடுங்கள். திரும்பும் வழியில் சூட்டிங் மட்டத்தையும் பைன் காட்டையும் பார்க்கலாம். பைன் காட்டில் மரங்களுக்கிடையே சாய்வாக ஒளி விழுவது காலையில்தான்.

எந்தப் பக்கம் போவது என்பதைப் பருவமும் சொல்லும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்கே உள்ள பைக்காரா, அவலாஞ்சி பக்கத்தை நனைத்தெடுக்கும். அந்த நாளில் குன்னூர், கோத்தகிரி பக்கம் ஓரளவு தெளிவாக இருக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூரைப் பிடித்துக்கொள்ளும். அப்போது மேற்கே போங்கள். மலை ரயிலுக்கும் இதே மழைதான் பகை. கல்லாறு, குன்னூர் இடையே மண் சரிந்தால் நாள்கணக்கில் ரத்தாகும். காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் ரயில் நண்பகலில்தான் ஊட்டி சேரும். அன்றைக்குக் காட்சிமுனை எதையும் திட்டத்தில் வைக்காதீர்கள், பூங்காவும் ஏரியும் போதும்.

இவ்வளவையும் குலைக்கக்கூடியது, மேட்டுப்பாளையம் தாண்டியதும் வரும் கல்லாறு சோதனைச்சாவடி. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம்; அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு வேண்டாம். 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உயர்நீதிமன்றம் வரம்பும் வைத்தது. பாஸை முந்தின நாளே எடுத்து போனில் சேமித்துவையுங்கள். சோதனைச்சாவடியில் நின்று விண்ணப்பித்தால் காலைத் தெளிவு அங்கேயே கரைந்துவிடும். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் பறித்துக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுவாருங்கள்.

இறங்குவதற்கு ஞாயிறு மாலை நாலு முதல் ஏழு வரை மோசமான நேரம். ஒன்று இரண்டு மணிக்கே இறங்கிவிடுங்கள், அல்லது தங்கிவிட்டுத் திங்கள் காலை இறங்குங்கள். சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப்பாதை ஆக்குவார்கள், அன்றைய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்த பிறகு இறங்க நேர்ந்தால், மூடுபனியில் ஹைபீம் போடாதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோ பீம், இரண்டாவது கியர், ஏறிவரும் வண்டிக்கு வழி.